பழைய அலுமினியப் படகு: கசிவை அடைப்பது, பெயிண்ட் உரிப்பது, பூசுவது – எந்த வரிசையில்?

கெண்டை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 12 அடி நீளமுள்ள பழைய அலுமினியப் படகு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. தகடுகளை ரிவெட் (தலையுள்ள உலோக ஆணி) அடித்துச் சேர்த்த வகை. அடிப்பாகத்தில் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த இடத்தைச் சுரண்டினால் வெள்ளை மாவு போல ஒன்று உதிர்கிறது. தண்ணீரில் இறக்கிச் சற்று நேரத்திலேயே உள்ளே ஈரம் கசிந்து தேங்குகிறது. மோட்டார் மாட்டும் பின்பலகையை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் முனை மரத்துக்குள் இறங்கிவிடுகிறது. படகை நன்னீர் ஏரியில் மட்டும்தான் ஓட்டுவேன். ஓட்டி முடித்ததும் அன்றே கரையேற்றிவிடுவேன். பழைய பெயிண்ட்டை முழுவதும் எடுத்துவிட வேண்டுமா, எந்த பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும், பிரஷ் போதுமா அல்லது ஸ்ப்ரே தேவையா என்பவை என் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

சுக்கான் எழுதியது:

நண்பரே, நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுமே பெயிண்ட்டைப் பற்றியவை. பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கசிவின் இடத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். கசியும் படகின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட்டைப் பூசினாலும் கசிவு நிற்காது. ரிவெட் தளர்ந்திருந்தால் படகு அலையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் அசையும். அந்த அசைவில் அதைச் சுற்றியுள்ள பெயிண்ட்தான் முதலில் விரிசல் விடும்.

படகை நிமிர்த்தி, மரக்கட்டைகளின் மேல் சமமாக வைத்து, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலே ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 100 கிலோ எடை ஏறிவிடும் என்பதால், முட்டுக்கட்டைகளை அடிப்பாகத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் அடிமுதுகிலும் இரு பக்கமும் நெருக்கமாகக் கொடுக்க வேண்டும். இரண்டே இடத்தில் தாங்கவிட்டால் தகடு வளைந்துவிடும். பிறகு கீழே குனிந்து, எந்த ரிவெட் தலையைச் சுற்றி ஈர வளையம் படிகிறது, எந்தத் தகட்டு இணைப்பில் துளி கோக்கிறது என்று பார்த்து, மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் பாருங்கள். சில ரிவெட்டுகள் ஊற்றிய உடனே சொட்டும். வேறு சில வெகுநேரம் கழித்துத்தான் வேர்க்கத் தொடங்கும்.

இவ்வகைப் படகுகளுக்கு விமானத் தொழிலோடு நேரடி உறவு உண்டு. போர் விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம் 1945இல் அதே தகடு, ரிவெட் கைத்திறனைக் கொண்டு அலுமினியச் சிறு படகுகளைச் செய்யத் தொடங்கியது. முறையாகப் பராமரித்தால் ரிவெட் அடித்த படகு பல்லாண்டு உழைக்கும். எனவே ‘பழையது’ என்பதற்காகத் தயங்க வேண்டாம்.

நீர்மட்டம் எழுதியது:

பெயிண்ட் முழுவதையும் உரித்தே ஆக வேண்டும் என்பதில்லை. உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பெயிண்ட்டைவிட நல்ல அடித்தளம் கிடைப்பது அரிது. கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கீறி, அதன்மேல் பலமான ஒட்டு நாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுத்துப் பாருங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் அந்தப் பகுதியை உரிக்க வேண்டியதுதான். வராவிட்டால் உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும் வரை தேய்த்துவிட்டு மேலே பூசலாம்.

வெண்கொக்கு எழுதியது:

நீர்மட்டம் சொல்லும் சோதனை சரியானதுதான். ஆனால் அதை எங்கே செய்கிறோம் என்பது முக்கியம். பக்கவாட்டில் பெயிண்ட் கெட்டியாக இருக்கலாம். கெண்டை குறிப்பிடும் வெள்ளை மாவு இருக்கும் இடத்தில் நிலைமையே வேறு. அது அலுமினியம் அரித்து உண்டான பொருள். பெயிண்ட்டின் ஓரத்தில் புகுந்த ஈரம் அடியிலேயே பரவிக்கொண்டு போகும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பெயிண்ட்டுக்குக் கீழேயும் அது எட்டியிருக்கக்கூடும். ஆகவே என் கருத்து இது: நீர்க்கோட்டுக்கு (படகு மிதக்கும்போது தண்ணீர் தொடும் மட்டம்) கீழே முழுவதையும் உலோகம் தெரியும் வரை எடுத்துவிடுங்கள், மேற்பகுதியில் மட்டும் நீர்மட்டம் சொன்ன சோதனையை நம்புங்கள்.

எதைக் கொண்டு எடுப்பது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த எதுவும், சாக்கடை அடைப்பு நீக்கும் தூளும் அடுப்புக் கறை நீக்கும் திரவமும் உட்பட, படகின் அருகில்கூட வரக்கூடாது. காரம் பெயிண்ட்டோடு சேர்த்து அலுமினியத்தையும் கரைக்கும். எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் பெயிண்ட் நீக்கியை வாங்குங்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த பழைய வகைகள் வேகமாக வேலை செய்யும் என்றாலும், அவற்றின் ஆவி மூடிய இடத்தில் உயிரையே பறித்திருக்கிறது. பல நாடுகளில் பொதுமக்களுக்கு அவற்றை விற்பதே தடைசெய்யப்பட்டுள்ளது.

சாதாரண இரும்புக் கம்பி பிரஷ், இரும்பு நார் இரண்டும் வேண்டாம். அவற்றின் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் புதைந்து, பிறகு துருப்பிடித்து, பெயிண்ட்டுக்கு அடியில் புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். நைலான் உராய்வுப் பட்டை, துருப்பிடிக்காத எஃகு பிரஷ், அலுமினியம் ஆக்சைடு உப்புத்தாள் ஆகியவை போதும். மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், தகட்டின் தடிமனை முதலில் கேட்கச் சொல்லுங்கள். மெல்லிய தகடு மணலின் வேகத்தில் நெளிந்துவிடும்; நெளிந்ததை நேராக்க முடியாது.

பட்டறை எழுதியது:

ஒரு சேர்க்கை. இரும்பு அரைத்த கிரைண்டரில் அலுமினியத்தையோ, அலுமினியம் அரைத்த கிரைண்டரில் இரும்பையோ அரைக்காதீர்கள். துருத்தூளும் நுண்ணிய அலுமினியத் தூளும் கலந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் மிகக் கடுமையான வெப்பத்தோடு எரியும். தூள் சேரச் சேரக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.

கெண்டை எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சுக்கான் ஐயா சொன்னபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். நடு இருக்கைக்குக் கீழே வரிசையாக உள்ள ரிவெட்டுகளும், அணியத்தின் (படகின் முன்பகுதி) அருகில் அடிமுதுகு இணைப்பின் ஒரு பகுதியும் கசிகின்றன. இருக்கைக்குள் இருந்த நுரையை வெளியே எடுத்தேன். அது தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. அது படிந்திருந்த இடத்தில் தகட்டில் ஊசி குத்தியது போன்ற குழிகள் தெரிகின்றன. பெயிண்ட்டைச் சுரண்டும்போது உலோகத்தை ஒட்டி மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று தெரிந்தது. அது என்ன? பின்பலகைக்கு, கரையான் அரிக்காதபடி மருந்து ஏற்றிய மரம் ஒன்று கைவசம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

பட்டறை எழுதியது:

முதலில் அந்த மஞ்சள் பச்சைப் பூச்சு. சுரண்டுவதை இப்போதே நிறுத்துங்கள். அது ஜிங்க் குரோமேட் பிரைமராக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு காலத்தில் அலுமினியத்துக்கு அதைத்தான் அடித்தார்கள். அரிப்பைத் தடுப்பதில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. ஆனால் அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டிருக்கிறது. மேல் அடுக்குகள் பழையவை என்றால் அவற்றில் ஈயம் இருக்கவும் இடமுண்டு. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேயுங்கள், அல்லது ரசாயன நீக்கியால் இளக்கிக் குழம்பாக வழித்தெடுங்கள். கீழே தடித்த பிளாஸ்டிக் விரித்து, விழும் கழிவைச் சேர்த்துக் கட்டி, ஆபத்தான கழிவாக ஒப்படைக்க வேண்டும்; மண்ணில் கழுவிவிடுவது தகாது. நுண்தூசியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசம், கையுறை, தனி உடை ஆகியவை கட்டாயம். குழந்தைகள் நடமாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

மருந்து ஏற்றிய மரம் கூடாது. அத்தகைய மரங்களில் பெரும்பாலானவற்றில் ஏறியிருப்பது செம்புச் சேர்மம். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிறது. அதில் கரைந்து போவது அலுமினியம்தான். மரைன் பிளைவுட்டை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) பழைய பலகையின் அளவுக்கு வெட்டி, மோட்டார் போல்ட்டுக்கான துளைகளைப் போட்ட பிறகு, விளிம்புகளையும் துளைகளின் உட்சுவரையும் சேர்த்து எபாக்ஸியால் (கடினமாக்கி கலந்ததும் இறுகும் பிசின்) முழுக்க நனைத்து மூடுங்கள். தண்ணீர் உள்ளே போகும் வாசல் பெரும்பாலும் துளைதான். பலகையின் முகப்பு அல்ல.

நுரையைத் திருப்பி வைக்காதீர்கள். அதே நேரத்தில், அது படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பதற்காக வைக்கப்பட்டது என்பதால் அந்த இடத்தை வெறுமையாகவும் விடக்கூடாது. தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரைப்பலகையை, எடுத்த அளவுக்குக் குறையாமல் வெட்டி வையுங்கள். தகட்டோடு ஒட்டாமல் அடியில் சிறிது இடைவெளி விட்டால் நீர் வடிந்து காற்று புகும். நீங்கள் பார்த்த குழிகளுக்குக் காரணம், ஈரநுரை காற்றோட்டம் இல்லாமல் தகட்டோடு ஒட்டிக் கிடந்ததுதான்.

சுக்கான் எழுதியது:

ரிவெட் வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து ரிவெட்டின் தலைமேல் கனமான இரும்புக் கட்டையை இறுக்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளேயிருந்து அதன் வாலை அளவாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் வால் விரிவதற்குப் பதிலாகத் தகடுதான் குழியும். லேசாகத் தளர்ந்த ரிவெட்டுகள் இப்படித் தட்டியதுமே இறுகிவிடும். தட்டும் ஓசையைக் கவனியுங்கள்: தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும், இறுகியதும் ஓசை கணீரென்று மாறும்.

தட்டியும் இறுகாதவற்றைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். துளை பெரிதாகிவிடாமல் ரிவெட்டின் நடுப்புள்ளியில் துளைக்கருவியை நிறுத்துங்கள். இருக்கைக்கு அடியில் கை நுழையாத இடங்களில் ஒருபக்கமிருந்தே இழுத்துப் பொருத்தும் பாப் ரிவெட் போடலாம். ஆனால் அது முனை மூடிய வகையாக இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் துளை இருப்பதால் அதன் வழியாகவே தண்ணீர் ஏறும். ஒவ்வொரு ரிவெட்டையும் படகுக்குரிய பாலியூரித்தேன் பசையில் தோய்த்துப் போடுங்கள்.

சிலிகான் பசையைத் தொடவே தொடாதீர்கள். அதன் மேல் எந்தப் பெயிண்ட்டும் பிடிக்காது. துடைத்து எடுத்த பிறகும் அது விட்டுச்செல்லும் பிசுக்கால் பெயிண்ட் வட்ட வட்டமாக விலகிக்கொண்டு நிற்கும். அடிமுதுகு இணைப்பின் கசிவுக்கு, வளைந்து கொடுக்கும் எபாக்ஸியை உள்பக்கத்திலிருந்து பூசுங்கள். பிறகு மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

நீர்மட்டம் எழுதியது:

குழிகளை எப்படிச் சரிசெய்வது என்று யாரும் சொல்லவில்லை. தகட்டைத் துளைக்காத குழிகளை நன்கு சுத்தம் செய்து எபாக்ஸி பட்டி வைத்து நிரப்பலாம். துளைத்தவற்றின் மேல் அதே வகை அலுமினியத் தகட்டுத் துண்டை, மூலைகளை உருட்டி வெட்டி, பசை வைத்து ரிவெட் அடிப்பது நல்லது. வெல்டிங் யோசனை வந்தால் தவிர்த்துவிடுங்கள். மெல்லிய தகடு நெளியும், ஓட்டை பெரிதாகும்; பின்னால் நுரை ஏதேனும் மிச்சமிருந்தால் தீப்பிடித்து நச்சுப்புகை கிளம்பும்.

கெண்டை எழுதியது:

ரிவெட் வேலை முடிந்தது. மீண்டும் தண்ணீர் ஊற்றியதில் அடிப்பாகம் முழுவதும் காய்ந்தே இருக்கிறது. இப்போது பிரைமருக்கு வந்திருக்கிறேன். ஒருவர் எட்ச் பிரைமர் என்கிறார், இன்னொருவர் எபாக்ஸி பிரைமர் என்கிறார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தால் இன்னும் பலமாக இருக்குமல்லவா?

வெண்கொக்கு எழுதியது:

பலம் கூடாது, பல நேரங்களில் குறையும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய மறுகணமே காற்றுப்பட்டு அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள இந்தப் படலம்தான் அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கிறது. பெயிண்ட் பிடிக்காமல் வழுக்குவதற்கும் இதுவே காரணம். ஈரக்காற்றில் நேரம் ஆக ஆகப் படலம் தடித்து, பிடிமானம் இன்னும் கெடும். எட்ச் பிரைமரில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் இந்தப் படலத்தைக் கடித்து உலோகத்தோடு பிணைகிறது. எபாக்ஸி பிரைமரோ, நாம் உப்புத்தாளால் உண்டாக்கிய கீறல்களில் இறங்கி இறுகுகிறது. தண்ணீரைத் தடுக்கும் தன்மை அதற்கே அதிகம். எட்ச் பிரைமர் மிக மெல்லிய பூச்சு, தானாகத் தண்ணீரைத் தடுக்காது. அதில் மிஞ்சியிருக்கும் அமிலம், மேலே பூசிய எபாக்ஸியின் கடினமாக்கியோடு வினைபுரிந்து அதை முழுமையாக இறுகவிடாமல் செய்யக்கூடும். தயாரிப்பாளரே இரண்டையும் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் சேருங்கள்.

உங்கள் படகுக்கு நான் பரிந்துரைப்பது நேரடியாக எபாக்ஸி பிரைமர். நீர்க்கோட்டுக்குக் கீழே வேறு எதையும் நான் நம்பமாட்டேன். செய்முறையின் வரிசையை மாற்றாதீர்கள்: தேய்ப்பதற்கு முன்பே பிசுக்கை நீக்க வேண்டும். பிசுக்கு இருக்கும்போது தேய்த்தால் அது கீறல்களுக்குள் அழுந்திவிடும். சுத்தமான துணியில் கரைப்பானைத் தொட்டுத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றியெடுங்கள். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு 80 அல்லது 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம் போதும். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. ரிவெட் தலைகளைச் சுற்றியுள்ள வளையத்தில்தான் பெரும்பாலும் திரளும்; அங்கே மடித்த உப்புத்தாளின் விளிம்பைப் பயன்படுத்துங்கள். முழுவதும் உலர்ந்த பிறகு மறுபடி ஒருமுறை லேசாகத் தேய்த்து, சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். இன்று தேய்த்து நாளை அடிப்பதாக இருந்தால் நாளையே தேயுங்கள்.

இரும்புக்கரை எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது காந்தம் ஒட்டும் படகு. இதே முறை பொருந்துமா?

பட்டறை எழுதியது:

காந்தம் ஒட்டினால் அது எஃகு. பொருந்தாதவை பல உண்டு. எஃகுக்குத் துருவை முழுவதுமாக நீக்குவதே தலையாய வேலை. அதன்மேல் துத்தநாகம் செறிந்த எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம். கம்பி பிரஷ் தாராளமாகப் பயன்படுத்தலாம். துத்தநாக முலாம் பூசியதாக இருந்தால் வழி வேறு. முலாமைத் தேய்த்து எடுத்துவிடக் கூடாது. தனி இழை தொடங்கினால் விரிவாகப் பேசலாம்.

நீர்மட்டம் எழுதியது:

மேல்பூச்சுக்கு வருவோம். பிரஷ்ஷா ஸ்ப்ரேயா என்ற கேள்விக்கு, வீட்டில் செய்பவருக்கு ரோலரும் பிரஷ்ஷும் சேர்ந்த முறையே சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. ஒருவர் சிறிய நுரை ரோலரால் மேலிருந்து கீழாக ஒரு முழ அகலத்துக்கு மெல்லியதாக உருட்டிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னாலேயே மென்மையான பிரஷ்ஷின் நுனியால், ஏறக்குறைய எடையே கொடுக்காமல், ஒரே திசையில் வருடிவிட வேண்டும். ரோலர் விட்ட குமிழிகள் உடைந்து மேற்பரப்பு சமமாகிவிடும். வருடிய இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். இறுகத் தொடங்கிய பெயிண்ட்டில் பிரஷ் பட்டால் தடம் நிலைத்துவிடும்.

கடினமாக்கியைத் தனி டப்பாவிலிருந்து கலந்து பூசும் இரண்டு டப்பா வகைப் பாலியூரித்தேன் பளபளப்பிலும் ஆயுளிலும் உயர்ந்ததுதான். ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு திணறும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் அதை ஸ்ப்ரே செய்யவே கூடாது. எதையும் கலக்காமல் பூசும் ஒரு டப்பா வகைப் பாலியூரித்தேனோ, படகுக்கான எனாமலோ உங்கள் தேவைக்குப் போதும். ஆனால் இவ்வகை மேல்பூச்சுகள் பல நாள் தொடர்ந்து தண்ணீரில் கிடந்தால் கொப்புளிக்கும். நீங்கள் அன்றே கரையேற்றிவிடுவதாகச் சொன்னதால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

வெயில் நேரடியாக விழும் தகட்டின் மேல் பூசாதீர்கள். பனி இறங்கும் மாலையிலும் வேண்டாம். தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் பூசிக்கொண்டிருப்பீர்கள். பிரைமருக்கும் மேல்பூச்சுக்கும் இடையிலான கால எல்லை டப்பாவில் எழுதியிருக்கும். அதற்குள் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும். தாண்டிவிட்டால் மீண்டும் தேய்த்தே பூச வேண்டும்.

கெண்டை எழுதியது:

பிரைமர் அடித்துவிட்டேன், தண்ணீர் எங்கும் முத்தாகத் திரளாமல் பரவும் வரை தேய்த்த பிறகே அடித்தேன். உள்பக்கத்துக்கு அடர்பச்சை நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. அடிப்பாகத்துக்குப் பாசி பிடிக்காத பெயிண்ட் வேண்டாமா என்று நண்பர் கேட்கிறார். இவை பற்றியும் சொல்லுங்கள்.

சுக்கான் எழுதியது:

உள்பக்கத்துக்கு அடர்நிறம் வேண்டாம். வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். வெள்ளை அடித்தால் கண் கூசும். வெளிர் சாம்பல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கால் வைக்கும் இடங்களில் மட்டும், ஈரமான பூச்சின் மேல் உலர்ந்த நுண்மணலைத் தூவி, காய்ந்ததும் ஒட்டாததைக் கூட்டியெடுத்து, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தால் வழுக்காது.

பாசி எதிர்ப்புப் பெயிண்ட் உங்களுக்குத் தேவையில்லை. அது தண்ணீரிலேயே நிறுத்திவைக்கும் படகுகளுக்கானது. அதில் பெரும்பாலானவை செம்பு ஆக்சைடு கலந்தவை என்பதால் அலுமினியப் படகுக்குக் கேடும் செய்யும். பட்டறை மரத்துக்குச் சொன்ன அதே காரணம்தான் இங்கும்.

பட்டறை எழுதியது:

கழற்றிய போல்ட்டுகளைத் திருப்பிப் பூட்டும்போது துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் இடையே நைலான் வாஷர் போட்டு, மரையில் அரிப்புத் தடுப்புப் பசை தடவுங்கள். வெறுமனே முடுக்கினால் சில பருவங்களிலேயே அந்த இடத்தைச் சுற்றிப் பெயிண்ட் பொங்கும். படகின் அடையாள எண்ணும் எடைத்தாங்கு திறனும் பொறித்த தகட்டை ஒட்டு நாடாவால் மறைத்துவிட்டுப் பூசுங்கள். எண் மறைந்துபோனால் பதிவுக்கும் விற்பனைக்கும் சிக்கல்.

கெண்டை எழுதியது:

இரண்டாவது பூச்சும் முடிந்தது. வெளிர் சாம்பலே அடித்தேன். தொட்டால் ஒட்டவில்லை. நாளை தண்ணீரில் இறக்கலாமா?

வெண்கொக்கு எழுதியது:

வேண்டாம். தொட்டால் ஒட்டாமல் இருப்பது காய்ந்ததற்கு அடையாளம், இறுகியதற்கு அல்ல. உட்புறம் இன்னும் மென்மையாக இருக்கும். இப்போது இழுவண்டியின் கட்டைகளின் மேல் ஏற்றினால், படகின் எடையில் கட்டையின் தடம் பதிந்து, அங்கேயே பெயிண்ட் ஒட்டி உரியும். மறைவான இடத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். டப்பாவில் முழு இறுக்கத்துக்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாளும் கொடுங்கள். குளிர்ச்சியான காலமாக இருந்தால் அதற்கு மேலும் ஆகும். அதுவரை படகைக் கவிழ்த்து, விளிம்பில் தாங்கவைத்து, நிழலில் காற்றோட்டமாக விட்டுவையுங்கள். மேலே எதையும் போர்த்தி மூட வேண்டாம்.